மறு: 'கொடைத் துப்பாக்கி' வேண்டாம், 'வேர்ப்பொறி' எப்படி?

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு,

> பழைய ரைபிள் ஒன்றை வாங்கி, அதை வைத்துத் தம் விருப்பப்படி புதியதொன்று கட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் 'டோனர்' எனப்படும் அந்தப் பழையதைக் 'கொடைத் துப்பாக்கி' எனலாம்.

அண்ணாச்சி சென்னையில் இருப்பதால் துணிந்து எழுதிவிட்டார். தக்கலைப் பக்கம் வந்து இதைச் சொன்னால், எந்த மாடன் கோயிலில், எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்பார்கள். இங்கே கொடை என்பது அம்மனுக்கும் சுடலைமாடனுக்கும் நடத்தும் கோயில் விழா. அதில் வேட்டும் உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

பொருளும் பொருந்தவில்லை. கொடை என்றால் வாங்கிக்கொள்ள இன்னொரு துப்பாக்கி இருக்க வேண்டுமே! மேலைநாடுகளில் போர்க்கால மவுசர் 98 ரைபிள் ஒன்றை இதற்காக வாங்குகிறவர் குழலைக் கழற்றிவிடுகிறார், மரக்கட்டையை மாற்றுகிறார், பல நேரம் விசையையும் மாற்றுகிறார். மிஞ்சுவது இரும்புக் கூடும் (ரிசீவர்) அதற்குள் முன்பின் ஓடும் தாழும்தான் (போல்ட்). புதுக்குழல் அந்தக் கூட்டில்தான் ஏறுகிறது.

அதனால்தான் வாங்கும்போது குழலுக்குள் குண்டைச் சுழற்றும் மரை தேய்ந்திருந்தாலும் கட்டை வெடித்திருந்தாலும் அவர்கள் பொருட்படுத்துவதில்லை. தாழை உருவி எடுத்து, அதன் முன்முனையில், சுடும்போது தாழைக் கூட்டோடு பிடித்து நிறுத்தும் இரண்டு பூட்டுப்பற்களின் பின்முகத்தைப் பார்க்கிறார்கள். ஒரு பல் பளபளவென்று தேய்ந்து, மற்றது கறுப்பு மாறாமல் இருந்தால், சுமை முழுவதும் ஒன்றின் மேலேயே விழுந்திருக்கிறது. கூட்டுக்குள் அந்தப் பல் உட்காரும் இடத்தில் குழி விழுந்திருந்தால், என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். தாழிலும் கூட்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் வேறொன்றின் தாழை மாட்டியிருக்க வாய்ப்புண்டு. அந்தத் தாழ் இந்தக் கூட்டுக்குப் பொருந்துகிறதா என்று கேஜ் (அளவுகருவி) வைத்து அளக்காமல் சுடக்கூடாது.

ஆகவே நமக்கு வேண்டிய சொல், எது மிஞ்சுகிறதோ அதைச் சுட்ட வேண்டும். ரப்பர் ஒட்டுக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. விதையில் முளைத்த கன்றின் பட்டையைக் கீறி, நல்ல இனத்தின் மொட்டைச் செருகுகிறார்கள். ஒட்டுப் பிடித்தபின் மேலே உள்ள தண்டை வெட்டிவிடுகிறார்கள். நிலைக்கும் அடிப்பகுதிதான் வேர்ச்செடி. அதே போக்கில், மிஞ்சும் கூடும் தாழும் சேர்ந்த பொறியை 'வேர்ப்பொறி' என்கிறேன். "அந்தப் பழைய மவுசரை வேர்ப்பொறிக்காக வாங்கினார்" என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாது.

> 'தாய்த் துப்பாக்கி'?

தாய்மரம் மொட்டுக் கொடுப்பது. இது நேர் எதிர். 'வேர்த்துப்பாக்கி' என்று சேர்த்தாலோ வியர்வையும் கடன் பாக்கியும்தான் நினைவுக்கு வரும்.

உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர்ப் படைத்தலைவர் டிலனாய் காலத்தில் பீரங்கி வார்த்தார்களே, அங்கே பழஞ்சொல் கிடைக்காதா என்று ஒருவர் கேட்டிருந்தார். கிடைக்காது. அது 18ஆம் நூற்றாண்டு, குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டித்த காலம். தாழ்ப்பொறி ரைபிள்கள் படைகளுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில்.

விளக்கக் குறிப்பில் இரண்டு கவனம் வேண்டும். பூட்டுப்பல் 'முன்முனையில் இருப்பது' என்று வரையறுக்காதீர்கள். நம் நாட்டில் உரிமம் பெற்றவர்கள் வாங்கும் இச்சாப்பூர் .315 ரைபிள் லீ-என்ஃபீல்டு வழியில் வந்தது. அதில் பற்கள் தாழின் பின்பகுதியில் இருக்கும். அடுத்து, எடுத்துக்காட்டு வாக்கியத்தில் நாகர்கோவில்காரர் வீட்டுத் திண்ணையில் குழல் மாற்றுவதாக எழுத வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை மாற்றியமைக்கவும் பழுது பார்க்கவும் தனி உரிமம் வேண்டும். சுடுவதற்கு வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது.

'ஹெட்ஸ்பேஸ்' என்பதற்குத் தமிழ்ச்சொல் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. பூட்டிய தாழின் முகத்துக்கும் அறையில் தோட்டா தடுத்து நிற்கும் இடத்துக்கும் உள்ள அளவு அது. 'இருக்கை இடைவெளி' எனக்குப் பிடிக்கவில்லை, பஸ் சீட்டைப் பற்றிப் பேசுவது போல இருக்கிறது. லேத் பட்டறையில் பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து