ஒரே ஆசிரியருக்கு மூன்று எச் இண்டெக்ஸ்: பதிவேட்டில் எதை ஏற்றுவது?

பொருநைக்கரை (கேள்வி):

வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் பணிபுரிகிறேன். ஆசிரியர்களின் ஆய்வு வெளியீட்டுப் பதிவேடும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. கட்டுரைத் தலைப்பு, இதழ், ஆண்டு என்ற அளவில் இருந்த அந்தப் பதிவேட்டில் இனி ஒவ்வொருவருடைய கட்டுரைகளையும் பிறர் எடுத்தாண்ட மேற்கோள் எண்ணிக்கையையும், அதைக் கொண்டு ஆய்வாளரை அளக்கும் எச் இண்டெக்ஸ் என்ற எண்ணையும் சேர்க்க வேண்டும் என்று முதல்வர் அலுவலகத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள்.

விலங்கியல் துறையில் ஓர் ஆசிரியர். பெயர் இசக்கிமுத்து என்று வைத்துக்கொள்வோம். கூகுள் ஸ்காலரில் அவருடைய எச் இண்டெக்ஸ் 11. ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் தேடினால் அவருக்கே இரண்டு பக்கங்கள் வருகின்றன. ஒன்றில் 5, மற்றதில் 4. நேற்று நூலகத்துக்கே வந்து, "ஐந்தும் நான்கும் ஒன்பது, அதையாவது போடுங்கள்" என்றார். அவர் மூத்தவர் என்பதால் மறுத்துப் பேசவும் தயக்கமாக இருந்தது. கூட்டிப் போடுவது முறையா? இல்லையென்றால் இந்த மூன்றில் எதைப் பதிவது?

மேலரதவீதி:

கூட்டவே கூடாது அண்ணாச்சி. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு இது: ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்குவரிசையில் அடுக்கி, வரிசை எண்ணைவிட மேற்கோள் குறையாமல் இருக்கும் கடைசி இடம் எதுவோ அதுவே எச் இண்டெக்ஸ். முதல் பக்கத்தில் உள்ள கட்டுரைகளுக்கு 12, 9, 7, 6, 5, 3 என்றும், இரண்டாவதில் 10, 8, 4, 4, 2 என்றும் மேற்கோள்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். தனித்தனியே பார்த்தால் 5, 4 என்றுதான் வரும். எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கினால் ஆறாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், ஏழாவதற்கு 5. ஆகவே விடை 6, 9 அல்ல. அவருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், வருத்தப்பட மாட்டார்.

ஆனால் உண்மையான சிக்கல் எண்ணில் இல்லை, பெயரில் இருக்கிறது. நம் ஊரில் தகப்பனார் பெயர் தலைப்பெழுத்தாக முன்னால் நிற்கும். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இதழ்க்காரர்கள் கட்டாயம் கேட்கிறார்கள் என்று ஒரு கட்டுரையில் தலைப்பெழுத்தை விரித்துப் பின்னால் போட்டுவிட்டால், அந்தத் தரவுத்தளத்தைப் பொறுத்தவரை தகப்பனாரே ஆய்வாளராகிவிடுகிறார். இசக்கி, முத்து என்று இடைவெளி விட்டு எழுதினால் வெறும் முத்து மட்டும் குடும்பப் பெயராக மிஞ்சும். போதாக்குறைக்கு, இசக்கி என்பதை ஆங்கிலத்தில் 'இ' என்ற எழுத்தில் தொடங்குவோரும் உண்டு, 'ஐ' என்ற எழுத்தில் தொடங்குவோரும் உண்டு. முதலில் ஸ்கோப்பஸின் ஆசிரியர் திருத்தப் படிவத்தில் இரண்டு பக்கங்களையும் இணைக்கும்படி விண்ணப்பியுங்கள். அது முடியும்வரை அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, "இணைப்பு நிலுவையில்" என்று குறிப்பது நல்லது.

பொதிகைச்சாரல்:

மேலே சொன்னதோடு பதிவேட்டின் அமைப்பையும் மாற்ற வேண்டும். எச் இண்டெக்ஸ் என்று ஒரே ஒரு பத்தி (நெடுவரிசை) வைத்திருப்பதால்தான் "எதைப் போடுவது" என்ற கேள்வியே எழுகிறது. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் மாநாட்டு உரைகளையும் இணையத்தில் கிடக்கும் முன்வரைவுகளையும்கூட எண்ணும். ஸ்கோப்பஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்களிலும் நூல்களிலும் மாநாட்டுத் தொகுப்புகளிலும் வருவதையே எண்ணும். இரண்டும் வேறு வேறு முகத்தலளவைகள், நாழியையும் மரக்காலையும் போல. ஆகவே ஒவ்வொரு மூலத்துக்கும் தனிப் பத்தி, பக்கத்திலேயே எடுத்த தேதி. தேதி இல்லாத மேற்கோள் எண் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும்.

ஆசிரியர்கள் எல்லோரையும் ஆர்கிட் எண் என்ற ஆய்வாளர் அடையாள எண்ணை வாங்கச் சொல்லுங்கள். இலவசம்தான், 2012இலிருந்து வழங்குகிறார்கள். பெயர் எப்படித் திரிந்தாலும் அந்த 16 இலக்கம் திரியாது. ஆனால் எக்செலில் ஏற்றும்போது கவனம் தேவை. இடைக்கோடு இல்லாமல் தட்டினால் எக்செல் அதை எண்ணாகக் கருதி முன்னால் உள்ள சுழியங்களை விழுங்கிவிடும். எங்கள் இடத்தில் நாற்பது பேருடைய எண்களை இப்படி இழந்து, ஒவ்வொருவரிடமும் மறுபடியும் போய் நின்றேன். பத்தியை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். கடைசி இடத்தில் 'எக்ஸ்' என்ற எழுத்து வந்தால் பிழை என்று திருத்திவிடாதீர்கள்; அது சரிபார்ப்புக் குறி.

கூகுள் ஸ்காலரிலிருந்து தானாக எண்களை இழுக்க அதிகாரபூர்வ வழி எதுவும் இல்லை. நிரல் எழுதிப் பார்த்தால் சிறிது நேரத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என நிரூபியுங்கள்" என்று வழிமறிக்கும். கிராஸ்ரெஃப், ஓப்பன்அலெக்ஸ் இரண்டும் திறந்த தரவு என்பதால் கட்டுரையின் அடையாள எண்ணான டிஓஐயைக் கொண்டு அங்கிருந்து எடுக்கலாம்.

தச்சநல்லூர் வாசகி:

தமிழ்த்துறையில் இருப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். துறைவாரியாகத் தொகுக்கும்போது எங்களுக்கு நேராகப் பெரும்பாலும் சுழியம்தான் வரும். தமிழில் எழுதும் கட்டுரைகள் வெளிவரும் இதழ்களில் மிகப் பெரும்பாலானவை ஸ்கோப்பஸில் இல்லை. அடிக்குறிப்பில் எங்களை எடுத்தாண்ட நூல்களோ அச்சில் மட்டும் இருக்கின்றன. அந்தச் சுழியம் "மேற்கோள் இல்லை" என்பதற்கான சுழியம் அல்ல, "அந்தத் தரவுத்தளத்தில் எண்ணப்படவில்லை" என்பதற்கானது. இரண்டுக்கும் ஒரே குறியை இடாதீர்கள். விலங்கியலையும் தமிழையும் ஒரே அட்டவணையில் வரிசைப்படுத்துவதை நான் ஒப்பமாட்டேன். ஆய்வாளரை இதழின் தாக்க எண்ணைக் கொண்டு மதிப்பிட வேண்டாம் என்று 2012இலேயே ஆய்வு மதிப்பீடு பற்றிய சான்பிரான்சிஸ்கோ அறிக்கை கேட்டுக்கொண்டதை முதல்வர் அலுவலகத்துக்கும் தெரிவிக்கலாம்.

பொருநைக்கரை:

மூவருக்கும் நன்றி. இணைப்பு விண்ணப்பத்தை அவரை அருகில் வைத்துக்கொண்டே அனுப்பிவிட்டேன். சுழியம், "எண்ணப்படவில்லை" என்று இரண்டு குறிகள் வைத்து, துறைகளை ஒப்பிடும் அட்டவணையை எடுத்துவிட்டேன். அவருடைய 11ஐத் திறந்து பார்த்தபோது வேறொன்றும் அகப்பட்டது: ஆற்று மீன்களைப் பற்றிய ஒரே கட்டுரை, தாமிரபரணியின் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியதால் இரண்டு கட்டுரைகளாக நின்று, இரண்டும் கணக்கில் ஏறியிருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக் கணக்கிட்டதும் 11 என்பது 10 ஆயிற்று. அதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.