புதுப்பிப்பு: முன்பணம் கேட்ட வீணை விற்பனையாளர்

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: மகளுக்குப் பழைய வீணை வாங்க வேண்டும், விற்பவருக்கு எல்லாமே ஐந்து நட்சத்திர மதிப்புரைகள், ஆனால் வீணையைக் காட்டும் முன்பே பேநவ்வில் (சிங்கப்பூரில் கைபேசிவழி பணம் அனுப்பும் சேவை) முன்பணம் கேட்கிறார், அனுப்பலாமா என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

அனுப்பவில்லை. நீங்கள் சொன்னபடி மதிப்புரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பெரும்பாலானவை ஒரே வாரத்தில், இரண்டு மூன்று வெள்ளி விலையுள்ள பொருட்களுக்கு எழுதியவை. எழுதிய கணக்குகளும் புதியவை. தேக்கா பக்கம் நேரில் பார்க்கலாமா என்றேன், பதிலே இல்லை. 1799 மோசடி உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிட்டேன்.

ஏன் எல்லோருக்கும் ஐந்து நட்சத்திரமே என்று ஒருவர் கேட்டிருந்தார். பயம் ஒரு பெரிய காரணம். நாம் குறை எழுதினால் விற்பவரும் பதிலுக்கு நம்மைப் பற்றி எழுதுவார். விற்பவர்கள் வாங்குபவர்களுக்கு எதிர்மறை மதிப்பீடு கொடுப்பதை ஈபே இணையச் சந்தை 2008இல் நிறுத்தியது இதனால்தான். தங்குமிடம் வாடகைக்கு எடுக்கும் தளமான ஏர்பிஎன்பியோ 2014 முதல், இரு தரப்பும் எழுதி முடிக்கும்வரை அல்லது கெடு முடியும்வரை எதையும் காட்டுவதில்லை.

அப்புறம், ஈசூனில் ஓர் அம்மாவிடம் வீணை கிடைத்துவிட்டது. அவருக்கு ஒரு மோசமான மதிப்புரையும் உண்டு. அதற்குக் கோபப்படாமல் பதில் எழுதி, பணத்தையும் திருப்பிக் கொடுத்திருந்தார். எனக்கு அந்த ஒன்றுதான் நம்பிக்கை தந்தது. மகள் வாசித்துப் பார்த்த பிறகே பணம் கொடுத்தோம். தந்தி மட்டும் மாற்ற வேண்டும்; சிராங்கூன் சாலைப் பக்கம் யாரிடம் கொடுக்கலாம்?