மறு: லாக் அவுட், சாலரி கேப் – தமிழில் எப்படி?

அன்புள்ள குழுவினருக்கு,

> '2011-இல் என்.பி.ஏ. வீரர்களின் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது' என்று எழுதலாமா?

கூடாது ஐயா. என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீகில் அன்று ஆட மாட்டோம் என்று வீரர்கள் சொல்லவே இல்லை. வீரர் சங்கத்துடனான பழைய ஒப்பந்தம் காலாவதியானதும் ஜூலை 1 அன்று வாசலைப் பூட்டியவர்கள் அணி உரிமையாளர்கள். அணியின் பயிற்சிக் கூடத்துக்குள் வீரர் கால் வைக்க முடியாது. பயிற்சியாளர் அவரோடு பேசவும் தடை. என்.பி.ஏ. வீரர் டெரன் வில்லியம்ஸ் துருக்கிக்குப் போய் பெஷிக்டாஷ் அணிக்கு ஆடினார். ஆடத் தயாராக நின்றவர்கள் தலையில் வேலைநிறுத்தப் பழியைக் கட்டுவது அநியாயம்.

நம் தொழிற்சங்க வழக்கில் 'கதவடைப்பு' இருக்கிறது. ஆலை வாசலில் நோட்டீஸ் ஒட்டும்போது எழுதும் அதே சொல். புதிதாக ஒன்று வேண்டாம். நவம்பர் 26 விடியற்காலையில் நியூயார்க்கில் உடன்பாடு எட்டியது; 161 நாள் நீடித்த கதவடைப்பு டிசம்பர் 8-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. 82 ஆட்டப் பருவம் 66 ஆகச் சுருங்கி, கிறிஸ்துமஸ் அன்று தொடங்கியது.

> சாலரி கேப் = சம்பள மூடி?

ஓர் அணி தன் வீரர்களின் சம்பளத்துக்கு மொத்தமாகச் செலவிடக்கூடிய எல்லைதான் இது; 'ஊதிய உச்சவரம்பு' போதும். நில உச்சவரம்பு தெரிந்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. சிக்கல் இதன் இரு வகைகளில்தான். என்.பி.ஏ.வில் இருப்பது விதிவிலக்குகள் உள்ள வரம்பு: தன் சொந்த வீரரைத் தக்கவைக்க அணி வரம்பைத் தாண்டலாம், செலவு இன்னொரு எல்லையையும் மீறினால் ஆடம்பர வரி கட்ட வேண்டும். உரிமையாளர்கள் கேட்டது தாண்டவே முடியாத வரம்பு. அது கடைசிவரை கிடைக்கவில்லை, வரியைத்தான் கடுமையாக்கிக்கொண்டார்கள். வீரர்களோ லீக் வருவாயில் 57 விழுக்காடாக இருந்த பங்கை 49 முதல் 51-க்குள் இறக்கிக்கொள்ள நேர்ந்தது.

'மென் உச்சவரம்பு, வன் உச்சவரம்பு' என்று ஒருவர் முன்வைத்திருந்தார். மென்பொருள், வன்பொருள் நினைவுதான் வருகிறது, பொருள் வரவில்லை. என் பரிந்துரை: தளர் உச்சவரம்பு, கறார் உச்சவரம்பு. 'கறார்' தமிழ் வேர் அல்ல என்று ஆட்சேபிப்பீர்கள். ஆனாலும் கறார் விலை என்றால் பேரம் கிடையாது என்று சந்தையில் எல்லோருக்கும் தெரியும். அந்த அழுத்தம் 'இறுக்க'த்தில் இல்லை.

இன்னொன்று பாக்கி. நவம்பர் 14 அன்று வீரர் சங்கம், பேரம் பேசும் பிரதிநிதி என்ற தகுதியைத் தானே கைவிட்டது. ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் வீரர்கள் வழக்குத் தொடர அதுதான் வழிவிட்டது. இதற்குப் 'பேர உரிமைத் துறப்பு' என்று குறித்து வைத்திருக்கிறேன். உரிமையா, பிரதிநிதித்துவமா, எது சரி? தொழிலாளர் சட்டம் பழகியவர்கள் சொன்னால் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.