மறு: கதவு நிலையில் ‘ரிவீல்’: விடுவிளிம்பு என்று சொல்லலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கதவு நிலையைச் சுற்றி அடிக்கும் ‘கேசிங்’ என்ற பட்டைக்கு நிலைப்பட்டை என்று போன இழையில் எல்லாரும் ஒத்துக்கொண்டோம். அதைத் தொடர்ந்து, அந்தப் பட்டை மூடாமல் விடும் நிலையின் மெல்லிய ஓரமான ‘ரிவீல்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று வந்த மடல்களையும் படித்தேன். வெளிப்பாடு, வெளிக்காட்டு விளிம்பு, பின்வாங்கல், கண்டம் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கும் எனக்குச் சரியாகப் படவில்லை. தருமபுரியில் புதுவீடுகளுக்கு உள்மரவேலை எடுத்துச் செய்கிறேன். இந்தச் சொல் எனக்கு வேலையிடத்தில் அன்றாடம் தேவைப்படுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். பொருளைக் கண்ணால் பார்க்காமலே சிலர் சொல்லைத் தேடுகிறார்களோ என்று மடல்களைப் படிக்கும்போது தோன்றியது.

நம் பழைய வீடுகளில் நிலைப்பட்டையே கிடையாது. நல்ல நாள் பார்த்து நிலை வைப்பார்கள், மஞ்சள் குங்குமம் பூசி மாவிலை கட்டிப் பூஜை போடுவார்கள், அதன் பிறகு நிலையை அணைத்தபடி சுவர் எழும்பும். ஐந்துக்கு மூன்று அங்குலத் தேக்கு நிலையோ வேங்கை நிலையோ சுவரோடு சுவராக நிற்கும். பூச்சு வந்து மரத்தில் முட்டும். மரமும் சிமென்ட்டும் ஒன்றுபோல் சுருங்கி விரிவதில்லை, அதனால் அந்த முட்டில் மயிரிழை விரிசல் விடும். வெள்ளையடிக்கும்போது அடைப்பார்கள், அடுத்த கோடையில் மறுபடி விடும். அதை யாரும் பெரிய குறையாக நினைத்ததில்லை.

அமெரிக்க வீடுகளில் முறையே வேறு. அங்கே மரச்சட்டங்களால் சுவர் எழுப்பும்போது கதவுக்கான இடத்தை வேண்டியதைவிடச் சற்றுப் பெரிதாக விட்டுவிடுகிறார்கள். சுவருக்கு ஜிப்சம் பலகை அடித்து முடித்த பிறகு, கதவும் கீலும் பூட்டியே வரும் நிலையைத் தூக்கி உள்ளே வைத்து, ஆப்பு செருகி, மட்டம் பார்த்து நிறுத்துகிறார்கள். நிலைக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் இடைவெளி கிடக்கும். அதை மூட வருவதுதான் கேசிங். அதில் வளைவும் வரியும் இழைத்து அழகு பார்ப்பது அப்புறம் வந்தது, அதன் முதல் வேலை மூடுவது. ‘அலங்காரப் பட்டை’ என்ற சொல்லை இதே குழுவில் நாம் வேண்டாம் என்று வைத்ததற்கும் அதுதான் காரணம்.

ஓசூர்ப் பக்கம் எழும்பும் அடுக்குமாடிகளிலும் வில்லாக்களிலும் இப்போது கிட்டத்தட்ட இந்த முறைதான். பூச்சு வேலை முடிந்த பிறகு தயார் நிலை வந்து இறங்குகிறது. இடைவெளியில் ஃபோம் அடித்து நிரப்பி, மேலே பட்டை ஒட்டுகிறார்கள். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தருமபுரி என்று தனிவீடு கட்டுகிறவர்களும் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பொருள் வந்துவிட்டது. அதற்கு ஒரு பெயர் மட்டும் நம்மிடம் இல்லை.

இனி ரிவீல். நிலைப்பட்டையை நிலைக்காலின் உள்விளிம்போடு சமமாக வைத்து அடிப்பதில்லை. விளிம்பிலிருந்து 3/16 முதல் 1/4 அங்குலம் வரை, அதாவது 5 அல்லது 6 மில்லிமீட்டர், தள்ளி வைத்து அடிப்பார்கள். அந்த அளவுக்கு நிலையின் மரம் இரண்டு கால்களிலும் மேலேயும் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோடுதான் ரிவீல்.

‘சமமாகவே அடித்தால் என்ன?’ என்று புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. எந்த நிலைக்காலும் முழு நேராக இருப்பதில்லை. இரண்டு மரத்தின் விளிம்புகளைச் சமமாகச் சேர்த்தால் அரை மில்லிமீட்டர் பிசகுகூட விரலில் தட்டும், கண்ணிலும் படும். இன்றைக்குச் சமமாக இருந்தாலும் மழைக்காலம் போய்க் கோடை வந்தால் இருக்காது. தேக்கு பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய போக்கில் சுமார் 5.8 சதவீதமும், வளையத்துக்குக் குறுக்கே சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். நீளவாட்டில் சுருக்கம் மிகமிகக் குறைவு. தேக்கு இந்த விஷயத்தில் அடக்கமான மரம், அதற்கே இவ்வளவு. காய வைத்த மரத்திலும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப இந்த அசைவு சிறு அளவில் நடந்துகொண்டேதான் இருக்கும். நிலை ஒரு மரம், பட்டை வேறு மரம். பல வீடுகளில் பட்டை மரமே இல்லை, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை. இரண்டும் ஒரே மாதிரி அசையும் என்று எதிர்பார்க்கவே முடியாது. பட்டையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டால் நடுவில் ஒரு படி உண்டாகிறது. 6 மில்லிமீட்டர் கோட்டில் அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் கண் அதைக் கண்டுபிடிக்காது. பிசகை ஒழிக்க முடியாது என்பதால் அதற்கு ஒதுங்க ஓர் இடம் கொடுக்கிறோம். மரவேலையில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடுகளில் இது ஒன்று.

அப்புறம் கீல். பட்டை விளிம்பு வரை வந்துவிட்டால் கீலின் உருண்ட பகுதி அதில் இடிக்கும், கதவு முழுக்கத் திறக்காது. பாலிஷ் போட்ட நிலையில் பெயிண்ட் அடித்த பட்டை வரும்போது இரண்டு நிறமும் சுத்தமாகப் பிரிவதற்கும் இந்தப் படிதான் இடம் தருகிறது.

இந்தச் சொல் ஓர் அளவாகவும் புழங்க வேண்டியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. இரண்டு முனையிலும் 45 டிகிரி சாய்த்து அறுக்கும் மேல்பட்டையின் உள்பக்க நீளம் என்பது வாசலின் அகலத்தோடு இரண்டு ரிவீலையும் கூட்டியது. வாசல் 36 அங்குலம், ரிவீல் கால் அங்குலம் என்றால் 36½ அங்குலம். கூட்டாமல் 36-க்கே அறுத்துவிட்டால் அந்தப் பட்டையை அந்தக் கதவுக்கு வைக்க முடியாது. ஆகவே ‘எவ்வளவு?’ என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய சொல்லாக அது இருக்க வேண்டும்.

இனி வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ரிவீல் என்றால் வெளிப்படுத்துவதுதானே? வெளிப்பாடு என்றே வைத்துவிடலாம்.

இந்த வாதம் ஆங்கிலத்திலேயே நிற்காது. கட்டட வேலையில் வரும் ரிவீல், ‘வெளிப்படுத்து’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்ததல்ல. ‘ரிவேல்’ என்று ஒரு பழைய வினை இருந்தது. பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, ‘தாழ்த்து, கீழிறக்கு’ என்று பொருள். அது வழக்கொழிந்த பிறகு பக்கத்திலிருந்த பழக்கமான சொல்லின் வடிவத்துக்கு மாறிப்போனது. நாம் வெளிப்பாடு என்று வைத்தால் ஆங்கிலத்தில் எழுத்து மாறிய விபத்தைத் தமிழுக்குக் கொண்டுவருகிறோம். ‘வெளிக்காட்டு விளிம்பு’ என்பதற்கும் இதுவே என் பதில். விளிம்பு என்ற பாதி மட்டும் நல்லது, அதை எடுத்துக்கொள்கிறேன்.

> பின்வாங்கல்: பட்டை பின்வாங்கி நிற்பதால்.

பட்டை என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறது, மிஞ்சி நிற்பது என்ன என்பதைச் சொல்லவில்லை. நமக்கு வேண்டியது அந்த மிச்சத்துக்குப் பெயர். மனை எல்லையிலிருந்து சுவரைத் தள்ளிக் கட்டும் இடத்துக்கும் இதே போன்ற சொற்களைப் பேசியிருக்கிறோம், குழப்பம் வரும்.

> கோயில் அதிட்டானத்தில் கண்டம் என்ற உறுப்பு இருக்கிறதே. நம் மரபிலேயே சொல் இருக்கும்போது ஏன் புதிதாக ஆக்க வேண்டும்?

இந்த மடலை எழுதிய ஐயாவின் கருத்தை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தின் உறுப்புகளுக்கு உபானம், சகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அடுக்கடுக்காகப் பெயர் வைத்த மரபு நம்முடையது. தருமபுரிக் கோட்டைக் கோயிலுக்குப் போகிறவர்கள் அதிட்டானத்துக்கு முன் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எது துருத்துகிறது, எது உள்வாங்குகிறது என்பதை நிழலே சொல்லிவிடும். பட்டையின் முகத்தில் இழைக்கும் வடிவங்களுக்கு இந்தப் பெயர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று நானும் நினைக்கிறேன். உருண்டு திரண்ட வடிவத்துக்குக் குமுதம், தட்டையாகத் துருத்தும் வடிவத்துக்குப் பட்டிகை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, நான் கூடவே வருகிறேன்.

ஆனால் ரிவீலுக்குக் கண்டம் பொருந்தாது. கண்டம் என்பது இரண்டு உறுப்புகளுக்கு நடுவே, தனக்கென்று ஓர் அளவோடு, உள்வாங்கலாகச் செதுக்குவது. ரிவீலை யாரும் செதுக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் விளிம்பில் கொஞ்சத்தை மூடாமல் விடுகிறோம், அவ்வளவுதான். இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊரில் கண்டம் என்றால் சாதகத்தில் வரும் கண்டம்தான் முதலில் ஞாபகம் வரும். பூஜை போட்டு வைத்த தலைவாசல் நிலையைக் காட்டி ‘இங்கே கண்டம் இருக்கிறது’ என்று எந்த வீட்டுக்கார அம்மாவிடமும் சொல்ல முடியாது.

சரி, வேலையிடத்தில் என்ன சொல்கிறார்கள்? பெயர் என்று எதுவும் சொல்வதில்லை. ஆனால் செயலைச் சொல்கிறார்கள். ‘ரெண்டு நூல் விட்டு அடிப்பா’ என்பார் ஆசாரி. எட்டு நூல் ஓர் அங்குலம், ஆகவே இரண்டு நூல் கால் அங்குலம். ஓசூரில் வேலை செய்யும் வடக்கத்தித் தச்சர்கள் ‘தோ சூத்’ என்பார்கள். சூத் என்றாலும் நூல்தான், அதே எட்டில் ஒரு பங்கு. தமிழ் ஆசாரியும் இந்தி தச்சரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் ஒரே கதவில் பட்டை அடித்து, இரண்டு பக்கமும் கோடு ஒரே அளவில் வருவது இதனால்தான்.

அந்த வாக்கியத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ‘விட்டு’ என்ற சொல். தாள் எழுதும்போது ஓரம் விடுகிறோம், துணி தைக்கும்போது தையலுக்குத் துணி விடுகிறோம், வீடு கட்டும்போது சந்து விடுகிறோம். வேண்டுமென்றே, அளவாக, ஒரு பயனுக்காக ஒன்றை மூடாமலோ வெட்டாமலோ வைப்பதற்குத் தமிழில் இருக்கும் வினை அதுதான். இதிலிருந்து வருவது என் பரிந்துரை: விடுவிளிம்பு.

ஊறுகாய், குடிநீர் போல வினைத்தொகை. விட்ட விளிம்பு, விடுகிற விளிம்பு, விடும் விளிம்பு என்று மூன்று காலத்துக்கும் நிற்கும். இதைவிட எனக்கு முக்கியம், இது பிரியும் என்பது. பெயராக ‘விடுவிளிம்பு எவ்வளவு?’ என்று கேட்கலாம். வினையாகப் பிரித்து ‘ரெண்டு நூல் விளிம்பு விட்டு அடி’ என்று சொல்லலாம். ஆசாரி இப்போதே சொல்லும் வாக்கியத்தில் ஒரே ஒரு சொல் கூடுகிறது, யாரும் திரும்பிப் பார்த்து என்ன என்று கேட்கமாட்டார்கள். வரைபடத்தில் எழுதும் சொல்லும் வேலையிடத்தில் கூப்பிடும் சொல்லும் இவ்வளவு பக்கத்தில் இருப்பது அரிது. கலைச்சொல் பட்டியலில் மட்டும் வாழ்ந்து தச்சுப்பட்டறையில் செத்துப்போன சொற்கள் எத்தனையோ இருக்கின்றன, இன்னொன்று வேண்டாம்.

விடுவரி, விடுநூல் இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். விடுவரி என்றால் ஏதோ வரித் தள்ளுபடி மாதிரி ஒலிக்கிறது. விடுநூல் காதுக்கு இனிமையானது, ஆனால் நூல் அளவின் பெயர். விடுநூல் மூன்று நூல் என்று சொல்ல நேரும்போது தடுக்கும்.

ஒரு நண்பர் சரியான ஐயத்தைக் கிளப்பியிருந்தார்:

> சன்னலிலும் ரிவீல் என்கிறார்களே, அதற்கும் இதே சொல் போதுமா?

போதாது. சன்னலில் ரிவீல் என்பது சட்டத்துக்கும் சுவரின் முகத்துக்கும் நடுவே தெரியும் சுவரின் பக்கவாட்டுப் பரப்பு. ஒன்பது அங்குலச் சுவரில் அது அங்குலக் கணக்கில் வரும், நூல் கணக்கில் வராது. அதை யாரும் ‘விடுவதும்’ இல்லை. அதற்குச் சுவர்ப்பக்கம் என்று எளிமையாக வைக்கலாம். அதே போல, பட்டையே இல்லாமல் பலகைக்கும் சுவருக்கும் நடுவே நிழல் விழும்படி ஒரு பள்ளக்கோடு விடும் புதுப்பாணியையும் சிலர் ரிவீல் என்கிறார்கள். அது காடி. ‘நிழற்காடி’ என்றால் தச்சர்களுக்கு உடனே விளங்கும், காடி எடுப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக்க வேண்டியதில்லை.

பட்டியலில் சேர்ப்பதற்கான பதிவை இப்படி எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

விடுவிளிம்பு (பெயர்): கதவு நிலையின் உள்விளிம்புக்கும் நிலைப்பட்டையின் விளிம்புக்கும் நடுவே, மூடாமல் சீராக விடப்படும் நிலைமரத்தின் பகுதி, அதன் அகலம். வினை: விளிம்பு விடு. எடுத்துக்காட்டு: ‘மேல்பட்டையை அறுக்கும் முன் வாசல் அகலத்தோடு இரு பக்க விடுவிளிம்பையும் கூட்டிக்கொள்.’

அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆசாரிகளிடம் இதற்கு வேறு பேச்சு இருந்தால், குறிப்பாகத் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் பட்டறைகளில், கேட்டு எழுதுங்கள். பட்டறையில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தால் என் சொல்லை எடுத்துவிட்டு அதையே வைப்போம். இல்லையென்றால் நிலைப்பட்டையோடு சேர்த்து இதையும் சொற்குவை என்ற தமிழ்ச் சொற்தொகுப்புக்கு அனுப்பிவிடலாம்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து