பேட்ச்ரைட்டிங்: ‘ஒட்டுரை’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நூலின் வாக்கிய அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு சில சொற்களை மட்டும் மாற்றி எழுதுவதை ஆங்கிலத்தில் பேட்ச்ரைட்டிங் (patchwriting) என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக நேற்று இங்கே முன்வைக்கப்பட்ட ‘மறைதிருட்டு’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று ஒரு மாணவியை வைத்துச் சொல்கிறேன்.

இராமநாதபுரம் கடற்கரையில் ஆய்வேடு எழுதப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஒரு மாணவி எழுதினாள். அவள் படித்த நூலில், “மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலில் பாசி செழித்து வளர்கிறது” என்ற மாதிரி ஒரு வரி. அவள் எழுதியது: “மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளைச் சுற்றிய ஆழம் குறைந்த நீரில் பாசி நன்றாக வளர்கிறது.” வாக்கியத்தின் எலும்பு அப்படியே இருக்கிறது, மேலே சில சொற்கள்தான் மாறியிருக்கின்றன. கீழே நூலின் பெயரும் பக்க எண்ணும்கூடப் போட்டிருந்தாள்! அதனாலும் இது சரியாகிவிடாது. கருத்து யாருடையது என்று சொல்லிவிட்டாள், நடை யாருடையது என்று சொல்லவில்லை.

அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். நூலின் வரி, அவள் சுருக்கியது, பாசி எடுக்கும் அக்கா சொன்னது, அவளுக்கே தோன்றியது எல்லாம் ஒரே மையில், ஒரு குறியும் இல்லாமல் கலந்து கிடந்தன. மூன்று வாரம் கழித்து எது யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை. இதைத் திருட்டு என்று எப்படிச் சொல்வது? இப்போது அவளிடம் நான் சொல்லியிருப்பது இதுதான்: நூலின் சொல்லை அப்படியே எடுத்தால் அந்த நிமிடமே மேற்கோள்குறி, பக்க எண் போட வேண்டும். சுருக்கி எழுதுவதானால் நூலை மூடிவைத்துவிட்டு எழுத வேண்டும். அந்த அக்கா சொன்னதற்கும் நாள், இடம், அவரிடம் கேட்டு வாங்கிய சம்மதம் எழுதியாக வேண்டும். அச்சில் வராததால் அது யாருக்கும் சொந்தமில்லாதது ஆகிவிடாதே.

பேட்ச்ரைட்டிங் என்ற ஆங்கிலச் சொல்லைப் பரப்பிய அமெரிக்க எழுத்துக்கல்வி ஆய்வாளர் ரெபெக்கா மூர் ஹாவர்டும் 1990-களிலேயே இதை எழுதக் கற்பவர் கடந்துபோகும் ஒரு கட்டமாகத்தான் பார்த்தார். ஆகவே கலைச்சொல்லில் திருட்டு வேண்டாம்.

கிழிந்த வலையைப் பொத்துவதை நினைத்து ‘பொத்தெழுத்து’ என்றார் ஒரு நண்பர். கடற்கரைக்காரி எனக்குப் பிடிக்கத்தான் செய்தது. ஆனால் பொத்தல் என்றால் பலருக்கு ஓட்டை. அதோடு, வலையைப் பொத்துவது நேர்மையான வேலை, அதை ஒரு குறைக்குப் பெயராக வைக்க மனம் வரவில்லை.

என் பரிந்துரை ‘ஒட்டுரை’. பொழிப்புரை, கருத்துரை என்ற வரிசையில் இயல்பாக உட்காரும். மூலத்தை ஒட்டியே போவது, ஒட்டுப்போடுவது, இரண்டு பொருளும் அதில் உண்டு. “இந்தப் பத்தி ஒட்டுரையாக இருக்கிறது, பொழிப்புரையாக மாற்று” என்று மாணவியிடம் சொல்லிப் பார்த்தேன். உடனே புரிந்துகொண்டாள்.

ஒரு சிக்கல், வினைவடிவம். ‘ஒட்டுரைத்தல்’ எனக்கே கொஞ்சம் இடறுகிறது. அப்புறம் ‘மேற்கோள்’ பற்றி: எடுத்தாண்ட வரிக்கும் மூலத்தைச் சுட்டுவதற்கும் அந்த ஒரே சொல்லைப் புழங்குகிறோம். அதனால்தான் வரியை அப்படியே எடுத்தால் மட்டும் மூலம் சொன்னால் போதும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இலங்கையில் மூலநூல்களுக்கு ‘உசாத்துணை’ என்று தனிச்சொல்லே இருக்கிறது. ஒட்டுரைக்கும் அங்கே ஏதாவது வழக்கு இருந்தால் அந்த நண்பர்கள் சொல்லுங்கள்.