இத்தாலி பஸ் டூரில் தனி ஆள்: கூடுதல் செலவு, ஓய்வு நாள்

கேள்வி:
ஃபிளாரன்ஸ், சியெனா, சான் ஜிமிஞானோ போகும் கைடு டூரில் தனியாகச் சேருகிறேன். சிங்கிள் சப்ளிமென்ட் (தனி அறைக்கான கூடுதல் கட்டணம்) தவிர வேறு என்ன செலவு வரும்? ஓய்வு நாளில் நானே ரயிலில் சியெனா போகலாமா?

பதில் 1:
ஓட்டல்களில் நகர வரி உண்டு. தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணக்கு. பெரும்பாலும் பேக்கேஜில் சேராது. ரெஸ்டாரன்ட் பில்லில் 'கோபெர்தோ' என்றிருந்தால் அது மேசைக் கட்டணம், டிப்ஸ் அல்ல. ஃபிளாரன்ஸ் மாட்டிறைச்சி ஸ்டேக்கை எடை போட்டு விற்பார்கள், ஒரு துண்டே கிலோவைத் தொடும். பங்குக்குக் குழுவில் ஆள் பிடியுங்கள். சப்ளிமென்ட் கட்டியும் சிங்கிள் ரூம் பொந்து மாதிரி இருக்கலாம். 'டபுள் ரூம், ஒருவருக்கு' கிடைக்குமா என்று புக் செய்யும்போதே கேளுங்கள்.

பதில் 2:
தாராளமாகப் போகலாம், ஃபிளாரன்ஸிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் ஸ்டேஷன் மெஷினில் முத்திரை குத்துங்கள், இல்லாவிட்டால் அபராதம். சியெனா ஸ்டேஷன் பள்ளத்தில் இருக்கிறது. எதிரே உள்ள ஷாப்பிங் மாலுக்குள் நுழைந்து அடுத்தடுத்த எஸ்கலேட்டர்களில் ஏறினால் பழைய நகரின் கமோலியா வாசல் பக்கம் வெளியே வரலாம். சான் ஜிமிஞானோவில் ரயில் நிலையமே கிடையாது. பக்கத்து ஊரான பொஜ்ஜிபொன்சியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

பதில் 3:
ஓய்வு நாள் திங்களா? ஃபிளாரன்ஸின் கலைக்கூடங்களான உஃபிஸி, அக்காதெமியா இரண்டும் அன்று மூடல். டூர் பஸ் மதில் சூழ்ந்த பழைய நகருக்குள் வராது, கற்பாதையில் நடைதான். கைடு பேசுவதைக் கேட்க உங்களுக்குத் தரும் ஹெட்செட் இரைந்தால் பின்தங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். சேரும் இடத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.