பங்களாவில் தொங்கும் பெயரில்லாத நீளத் துவக்கு: செய்தவரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

டிக்கோயா_பையன்:
வணக்கம். டிக்கோயாப் பக்கம் ஒரு பழைய துரை பங்களாவில் வேலை செய்கிறேன், இப்போது அது ஹோட்டல். ஹோலில் கணப்படுப்புக்கு மேலே ஒரு நீளத் துவக்கு தொங்குகிறது. கீழே 'கென்டக்கி ரைபிள், அமெரிக்கா, 1770' என்று யாரோ எப்போதோ எழுதி வைத்த அட்டை. வருகிற வெள்ளைக்காரர்கள் யார் செய்தது என்று கேட்கிறார்கள், மேனேஜர் புது அட்டை எழுதித் தரச் சொல்கிறார். குழல் எட்டுப் பட்டை, 43 அங்குலம். வாய் கிட்டத்தட்ட 0.45 அங்குலம். மரம் புலித்தோல் மாதிரி வரி வரியாக இருக்கிறது. பின்கட்டையில் பித்தளை மூடி போட்ட ஒரு பெட்டி, அதன் தலையில் பூ. குழலில் பெயர் எதுவும் இல்லை, ஆனால் லொக் (பக்கவாட்டில் பூட்டிய சுடும் பொறி) தகட்டில் 'கெட்லண்ட்' என்று இருக்கிறது. அவர்தான் செய்தவரா? படமும் போட்டிருக்கிறேன். அனுமதிப்பத்திரம் எல்லாம் முதலாளியிடம் ஒழுங்காக இருக்கிறது, அந்தக் கேள்வி வேண்டாம்.

ஹட்டன்_சேகர்:
யானை வேட்டைக்குப் பேர்போன வெள்ளைக்காரன் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் இருந்த காலத்துச் சாமானாக இருக்கும் மச்சான். யானை வேட்டைத் துவக்கு என்று போடு, கூட்டம் அள்ளும்.

பழைய_இரும்பு (கண்டி):
சேகர், யானை இதைக் கொசுக்கடி என்று நினைத்துவிட்டுப் போகும். 0.45 வாய்க்குப் போகிற ஈய உருண்டை ஒரு அவுன்ஸில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பேக்கர் இங்கே வைத்திருந்த துவக்குகளில் ஒன்று மட்டும் 21 இறாத்தல் எடை. இது மானுக்கும் அணிலுக்கும் ஆன சாமான்.

தம்பி, எதையும் கழற்றும் முன் ஒரு வேலை. வாய்வழி கெட்டிக்கிற துவக்கில் பழைய வெடிமருந்து அப்படியே கிடக்கலாம். இடிகோலை, அதாவது மருந்தைக் குழலுக்குள் இடித்து இறக்குகிற கோலை, அடி வரை மெதுவாக விட்டு, குழல் வாய் விளிம்பில் படுகிற இடத்தில் கோலில் பென்சில் கோடு போடுங்கள். வெளியே எடுத்து, அந்தக் கோடு வாய்க்கு நேராக வரும்படி கோலைக் குழலுக்கு மேலே வைத்துப் பாருங்கள். கோலின் நுனி பின்னால் மருந்து பற்றுகிற துளைக்குக் கிட்ட வந்தால் காலி. ஒன்றிரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படியென்றால் கை வைக்காமல் முதலாளியிடம் சொல்லி பொலிஸுக்கு அறிவியுங்கள்.

கெட்லண்ட் என்பது பர்மிங்ஹாம் குடும்பம். அவர்களுடைய லொக்குகள் பெட்டி பெட்டியாக அமெரிக்காவுக்குப் போயின, அங்கே இருந்த துவக்குத் தச்சர்கள் வாங்கித் தங்கள் துவக்கில் பூட்டினார்கள். அதனால் அந்தப் பெயர் லொக்கைச் செய்தவர் பெயர், துவக்கைச் செய்தவர் பெயர் இல்லை. செய்தவர் பெயர் போட்டால் குழலின் மேல் பட்டையில், பின் குறிக்கும் (குறி பார்க்கிற பின் துண்டு) குழலின் அடிக்கும் நடுவில் போடுவார். அங்கே தேய்ந்து போயிருக்கலாம். இரவில் லைட்டை அணைத்துவிட்டு டோர்ச்சைக் குழலோடு படுக்கவைத்த மாதிரிச் சாய்த்து அடியுங்கள், பகலில் தெரியாத கீறல் எல்லாம் நிழலோடு எழும்பும். தயவு செய்து பிராசோ போட்டுத் தேய்க்க வேண்டாம், எண்ணெய்த் துணியும் இப்போதைக்கு வேண்டாம்.

பதுளை_அக்கா:
எனக்கும் ஒரு சந்தேகம். பழைய கண்டித் துவக்கு இல்லை என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள்? கண்டி இராச்சியத்திலும் நீளத் துவக்கு இருந்ததே.

பழைய_இரும்பு (கண்டி):
இருந்தது அக்கா, அழகான துவக்குகள். ஆனால் பார்த்தவுடனே தெரியும்: அவற்றில் லொக் இடது பக்கம் இருக்கும், பின்கட்டை இரண்டாகப் பிளந்த மாதிரி வளைந்திருக்கும். தம்பியின் படத்தில் லொக் வலது பக்கம்.

டிக்கோயா_பையன்:
இடிகோல் வைத்துப் பார்த்தேன் அண்ணா, காலி. டோர்ச்சும் அடித்தேன், மேல் பட்டையில் பெயர் இல்லை, ஓரத்தில் இரண்டு கோடு அலங்காரம் மட்டும். லொக்கைக் கழற்றினேன், உள்ளே அரத்தால் போட்ட நாலு வெட்டு. தகட்டின் முன்பக்கம் அடைத்த ஓட்டைகள் தெரிகின்றன. குழலையும் கழற்றிப் பார்க்கட்டுமா?

பழைய_இரும்பு (கண்டி):
குழலை நீங்கள் கழற்ற வேண்டாம். மெல்லிய ஆணிகள்தான் குழலை மரத்தோடு பிடித்திருக்கின்றன, நம் ஊர்ப் பனியில் ஊறிய முன்மரம் காகிதம் போல இருக்கும், ஒரு ஆணியைத் தவறான பக்கத்தால் தட்டினால் சிராய் பெயர்ந்து வரும். தெரிந்த ஒருவர் கழற்றினால் அடிப்பக்கத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் விற்கிற குழலைச் சோதித்து முத்திரை குத்த வேண்டும் என்று 1813இல் சட்டமே வந்தது, பர்மிங்ஹாம் சோதனைச் சாலையும் அந்த வருடம்தான் தொடங்கியது. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. வெறும் குழல் என்றால் அமெரிக்கப் பக்கம் சாயலாம், அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

நாலு வெட்டு கையெழுத்து இல்லை, எந்தத் துண்டு எதோடு சேரும் என்று பட்டறையில் போட்ட அடையாளம். அடைத்த ஓட்டைகள்தான் நல்ல செய்தி. அங்கே முன்பு சக்கிமுக்கிக் கல் துவக்கின் மருந்துத் தட்டும் வில்லும் இருந்திருக்கின்றன, பிறகு யாரோ கேப் (தட்டினால் பற்றுகிற சின்ன வெடி மூடி) வைக்கிற மாதிரி மாற்றியிருக்கிறார்கள். 1820களுக்குப் பிறகு நிறையத் துவக்குகளுக்கு இப்படி நடந்தது.

இனி மரத்தைப் பாருங்கள். வரி வரியாக இருப்பது மேப்பிள், இங்கிலாந்துத் துவக்குகள் பெரும்பாலும் வால்நட். பூத்தலை வைத்த பித்தளைப் பெட்டியும், கீழ்க்கோடு நேராக ஓடுகிற பின்கட்டையும் பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் ஊர்ப் பாணி. அதே பென்சில்வேனியாவில் லீஹை பக்கத்துத் துவக்கு என்றால் கட்டையின் மேல்கோடு மூக்கு மாதிரி வளைந்து இறங்கும். கென்டக்கி என்று பெயர் ஒட்டிக்கொண்டாலும் இவற்றில் பெரும்பகுதி பென்சில்வேனியாவில் செய்ததுதான்.

பதுளை_அக்கா:
அப்படியானால் ஜேக்கப் டிக்கர்ட் என்று போடலாமே? லங்காஸ்டரில் அவர்தானே பெரிய ஆள். விருந்தினருக்கும் சந்தோஷம்.

பழைய_இரும்பு (கண்டி):
இங்கேதான் அக்கா எல்லோரும் வழுக்குகிறார்கள். டிக்கர்ட் 1822இல் இறக்கும் வரை அந்த ஊரில் வேலை செய்தவர், அவரிடம் தொழில் பழகிய பையன்களும் அக்கம்பக்கத்துப் பட்டறைகளும் அதே பாணியில்தான் செய்தார்கள். விசைக்குக் கீழே வளைந்திருக்கிற பித்தளை வார்ப்பு வேலை, ஒரே அச்சில் பத்துப் பேருக்குப் போகும், அதை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. ஆளுக்கு ஆள் மாறுவது கை வேலை: கன்னம் வைக்கிற பக்கத்தின் பின்னால் மரத்தில் எழுப்பிச் செதுக்கிய சுருள், பித்தளையில் உளி ஓடிய விதம், பெட்டியின் ஓரத் தகட்டை வெட்டிய வளைவு. இந்த மூன்றும் பெயர் போட்ட ஒரு துவக்கோடு ஒத்துப்போனால் 'இன்னாருடையதாகக் கருதப்படுகிறது' என்று எழுதலாம். ஒன்று மட்டும் ஒத்துப்போனால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை.

டிக்கோயா_பையன்:
கன்னப் பக்கத்தில் செதுக்கல் இருக்கிறது அண்ணா, ஆனால் வார்னிஷ் கட்டியாகப் பூசி மூடியிருக்கிறார்கள். மேனேஜர் நாளைக்கே அட்டை கேட்கிறார்.

பழைய_இரும்பு (கண்டி):
'அமெரிக்க நீளத் துவக்கு. லங்காஸ்டர் பாணி, பென்சில்வேனியா. சுமார் 1790–1820. இங்கிலாந்து லொக், பின்னர் மாற்றப்பட்டது. செய்தவர் பெயர் இல்லை.' இவ்வளவு போதும், 1770ஐத் தூக்கிவிடுங்கள். வார்னிஷைச் சுரண்ட வேண்டாம். அந்தச் செதுக்கலை டோர்ச் சாய்த்து நாலு பக்கமும் படம் எடுத்து, பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து இங்கே போடுங்கள். கென்டக்கி ரைபிள் அசோசியேஷன் என்று அமெரிக்காவில் ஒரு சங்கம் இருக்கிறது, அதே படங்களை அங்கேயும் அனுப்பிப் பாருங்கள்.

ஹட்டன்_சேகர்:
யானையைப் பற்றி ஒரு வரியாவது போடுங்களேன்.